ஜனாதிபதி திரும்பிய பிறகு மூன்று நாள்

சேரன்மகாதேவி,
மார்ச் 12

விஜயஸ்ரீக்கு,

நீ செய்தது தவறு. மற்றதை எல்லாம் பிறகு எழுதுகிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா நீலாம்பாள் ஜனவரி பத்தொன்பதாம் தேதி காலை திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இறந்தாள். அதற்கு முந்தைய மூன்று நாளும், "விஜி வந்துட்டாளா? பைய வரட்டும், ஆனா வரட்டும்" என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நீ ஜனாதிபதியோடு ஆப்பிரிக்காவில் இருந்தாய். அந்த நாட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை.

சாவு சொல்லிக்கொண்டு வராது. அதனால் நீ பத்தொன்பதாம் தேதி இல்லாததைக்கூட ஒருவேளை நான் விட்டிருப்பேன். ஆனால் ஜனாதிபதியே இருபதாம் தேதி டெல்லி திரும்பிவிட்டார். பேப்பரில் படம் வந்தது. நீ வந்தது இருபத்து மூன்றாம் தேதி. அதற்குள் சிதை ஆறி, அஸ்தியை ஆற்றில் கரைத்தும் முடித்துவிட்டோம். ஜனாதிபதிக்குப் போர்த்துகீசியத்தில் மொழிபெயர்க்கப் போனவளுக்கு ஜனாதிபதி திரும்பிய பிறகு மூன்று நாள் அங்கே என்ன வேலை?

பதினாறாம் நாள் காரியம் வரை நீ வீட்டில் இருந்தாய். நான் உன்னிடம் பேசவில்லை. இப்போதும் போனில் பேசமாட்டேன். மடை திறந்து மூடும் லஸ்கராக முப்பத்தோரு வருஷம் கன்னடியன் கால்வாயில் நின்றவன் நான். தண்ணீர் எத்தனை அடி என்று எழுதி வைத்ததைத்தான் இன்ஜினியர் நம்புவார், வாய்ச்சொல்லை நம்பமாட்டார். எனக்கும் அதே பழக்கம். ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உன் அலுவலகத்துக்கு ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். ஐந்து கேள்வி. அந்தப் பயணத்துக்கு எத்தனை பேர் போனார்கள்? ஒவ்வொருவரும் எதற்காக? என்னென்ன கிடைத்தது? தலைவர் திரும்பிய பின் மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவைத்தது ஏன்? அவருக்கு மாற்றாக இன்னொருவர் இல்லையா?

அந்தப் பயணத்தால் நாட்டுக்கு என்ன லாபம் என்று தெரிந்தால், என் வீட்டு நஷ்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த தெரு மைதீன் பாத்திமா தினமும் நோன்புக் கஞ்சி கொடுத்துவிடுகிறாள். அதனால் சாயங்காலச் சமையல் இல்லை. மற்றபடி சுகம்தான்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
தாணுமாலையன்

---

புது டெல்லி,
மார்ச் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

விஜி வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். கஞ்சி மட்டும் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். இரண்டு இட்லியாவது வாங்கிச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனு சுற்றிச் சுற்றி என் மேசைக்கே வந்தது. தகவல் அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "சேரன்மகாதேவியில் ஒரு பெரியவர் உங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறாரே, தெரிந்தவரா?" என்றார். "அப்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "என் அப்பா இன்னும் மோசம், நேரிலேயே வந்துவிடுவார்" என்றார்.

பதில் தனியாக வரும். அதில் இருப்பது இவ்வளவுதான்: போனவர்கள் எண்ணிக்கை, அவர்கள் பதவி, கையெழுத்தான ஒப்பந்தங்கள். அங்கிருந்து துவரம் பருப்பு வரும். இங்கிருந்து மருந்தும் ரயில் பெட்டியும் போகும். அவர்கள் பிள்ளைகள் நூறு பேர் இங்கே வந்து படிப்பார்கள். நான்காம் கேள்விக்கு 'அலுவல் பணி' என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவதற்கு 'இல்லை' என்று பதில். அந்த மொழிக்கு அந்தத் தகுதியில் இப்போது நான் ஒருத்திதான்.

தலைவர்கள் இருவரும் தனியாகப் பேசியதைச் சட்டத்தின் எட்டாம் பிரிவுப்படி வெளியிட முடியாது. அந்த அறையில் நாலே பேர் இருந்தோம் அப்பா. உலகத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள், எழுதுகிறேன். அந்த அறையைப் பற்றி மட்டும் என்னால் எழுத முடியாது.

நான் தவறே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்
விஜி

---

சேரன்மகாதேவி,
ஏப்ரல் 7

விஜயஸ்ரீக்கு,

கடிதமும் கிடைத்தது, அலுவலகப் பதிலும் கிடைத்தது. இரண்டும் போதாது. முதல் மேல்முறையீடு அனுப்பிவிட்டேன். உன் மேலதிகாரிக்கு வருத்தம் வந்தால் வரட்டும்.

நீ எழுதிய லாபங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். துவரம் பருப்பை வாங்க வியாபாரி போதும். ஜனாதிபதி போகாவிட்டால் பருப்பு வேகாதா? மருந்துக் கம்பெனிக்காரன் விற்கத் தெரியாதவனா? பிள்ளைகள் படிக்க வருவது நல்ல காரியம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் ஒரு தபால் போதும். இதையெல்லாம் டீக்கடையில் சொன்னேன். ஆட்டோ கண்ணன் குறுக்கே விழுந்தான்.

"பெரிய மனுசன் நேருல போனாத்தான அண்ணாச்சி மரியாத? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கே நேருல பத்திரிகை வச்சாத்தான வாரான்? போன்ல சொன்னா வருவீரா நீரு?"

"வரமாட்டேன்" என்றேன்.

"அப்ப பேசாம டீயக் குடியும் வே" என்றான்.

அவன் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

இருந்தாலும் கூட்டறிக்கை முழுவதையும் அகராதி வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். நாற்பத்திரண்டு பத்தி. எல்லாம் 'வரவேற்றனர்', 'உறுதி கொண்டனர்'. முப்பத்தொன்றாம் பத்தி மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. 'கப்பல் பணியாளர் விவகாரத்தை மனிதாபிமான அடிப்படையில் முடித்துக்கொள்ள இணங்கினர்.' ஒரே வரி. எந்தக் கப்பல்? எந்தப் பணியாளர்? அதற்குப் பதில் எழுது.

இன்னொன்று மனுவில் கேட்கவில்லை, உன்னிடம் கேட்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தேதானே நீ பதினாறாம் தேதி விமானம் ஏறினாய்? தெரியும், தெரியாது. இரண்டில் ஒன்றை எழுத்தில் கொடு.

இப்படிக்கு,
தாணுமாலையன்

---

புது டெல்லி,
ஏப்ரல் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

விஜியின் வணக்கம். சித்திரை ஒன்றுக்கு யாராவது பாயசம் கொடுத்தார்களா?

முப்பத்தொன்றாம் பத்தியைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு சரக்குக் கப்பல் இன்ஜின் பழுதாகி அவர்கள் கடல் எல்லைக்குள் போய்விட்டது. அனுமதியின்றி நுழைந்ததாக வழக்கு. பதினொரு பேர், நம் ஆட்கள், ஏழு மாதம் அந்தக் கப்பலிலேயே காவலில் இருந்தார்கள். வேலைக்கு அனுப்பிய ஏஜெண்ட் கைகழுவிவிட்டான். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி விடுதலையானார்கள். அதில் எலியேசர் என்பவருக்குப் புன்னக்காயல் சொந்த ஊர் என்று போட்டிருந்தது.

உங்களுடைய இன்னொரு கேள்வி. நீங்கள் எழுத்தில் கேட்டதால்தான் எழுதுகிறேன். கேட்டிருக்காவிட்டால் எழுதியிருக்கமாட்டேன்.

ஜனவரி பதினைந்தாம் தேதி, மாட்டுப் பொங்கல் அன்று, சாயங்காலம் போன் செய்தேன். நீங்கள் எடுத்தீர்கள். "அம்மா குரல் நேத்து ஒரு மாதிரி இருந்துச்சேப்பா" என்றேன். "அவளுக்கு ஒண்ணுமில்லட்டி, வாயுப் பிடிப்பு. நீ உன் சோலியப் பாரு. ஜனாதிபதி கூடப் போறவ இப்படியா கெடந்து தவிப்பா?" என்றீர்கள். அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். "இப்பந்தான் கண்ண மூடியிருக்கா, எழுப்பாத" என்றீர்கள்.

தெரியாது அப்பா. எனக்குத் தெரியாது.

விஜி

---

புது டெல்லி,
மே 22

அன்புள்ள அப்பாவுக்கு,

முப்பத்தைந்து நாள் ஆகிவிட்டது, பதில் இல்லை. அரசாங்கமே முப்பது நாளில் பதில் போட வேண்டும் என்பது நீங்கள் சொன்ன சட்டம்.

மைதீன் பாத்திமா அக்காவுக்குப் போன் செய்தேன். "ஒங்க வாப்பா நல்லாத்தான் இருக்காவ. ரெண்டு நாளா காலைல பஸ் ஏறிப் போறாவ, பொழுது சாயத்தான் வாராவ. எங்கன்னு கேட்டா மொறைக்காவ" என்றார். வெயிலில் அலையாதீர்கள்.

போன கடிதத்தின் கடைசிப் பகுதியை எழுதியிருக்கக் கூடாது. அம்மா இருந்திருந்தால், 'மனுசன அப்படியா கேக்கது?' என்று என்னைத்தான் திட்டியிருப்பாள். மன்னித்துவிடுங்கள். அந்தத் தவறு என்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் பேசினால் போதும்.

உங்கள்
விஜி

---

சேரன்மகாதேவி,
ஜூன் 3

என் அருமை மகள் விஜிக்கு,

அப்பா எழுதுவது. சுகமாக இருக்கிறேன். தாமதத்துக்குக் காரணம், நேரில் பார்க்காமல் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன்.

புன்னக்காயலுக்குப் போனேன். முதல் நாள் வீடு பூட்டிக் கிடந்தது. அன்று கோயில் திருவிழா. மறுநாள் எலியேசரின் தாய் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என் கையில் பையையும் காகிதக் கட்டையும் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"யாரு நீரு, ஏஜெண்டா? எம்மவன மறுபடி கப்பலுக்குக் கூப்பிட வந்தீரோ? வந்த வழியே போவும். இல்லாட்டி இந்தத் தண்ணிய ஊத்திருவேன்."

"நான் ஏஜெண்ட் இல்லம்மா. ஜனாதிபதி ஏன் வெளிநாட்டுக்குப் போனாருன்னு கேட்டு மனு போட்டவன்."

"ஏன் போனாரா? நல்ல கேள்வி! எம்மவன் உள்ள இருக்கான், அவன்ட்ட கேளும்" என்றாள்.

எலியேசருக்கு இருபத்தாறு வயது. நெத்திலிக் குழம்பு இருக்கிறது என்றார்கள். நான் சைவம் என்றதும் வாழைப்பழமும் காப்பியும் தந்தார்கள். எழுதிவைத்த கேள்விகளைக் கேட்டேன். அவன் சொன்னதை அங்கேயே எழுதிக்கொண்டேன். அப்படியே தருகிறேன்.

"பெரியவங்க ரெண்டு பேரும் பேசி விடச்சொல்லியாச்சு அண்ணாச்சி. ஆனா துறைமுகக் கோர்ட்டுல ஒவ்வொருத்தரும் வாக்குமூலம் கொடுத்தாத்தான் விடுவானாம். அந்த ஊரு பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்க பாஷை அவனுக்குத் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் இல்லன்னா அடுத்த மாசம் வாங்கன்னான். அப்பத்தான் ஒரு அக்கா வந்துச்சு. இருவதாம் தேதியில இருந்து மூணு நாளு, பதினொரு பேருக்கும் அதுதான் பேசிச்சு. தமிழுல கேக்கும், இந்தியில கேக்கும், அவன் பாஷையில சொல்லும். எம் முறை வந்தப்ப வெளிய போயி செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. 'என்னக்கா?'ன்னேன். 'எங்கம்மா தவறிட்டாங்க. நீ சொல்லு, எந்தத் தேதியில இன்ஜின் நின்னுச்சு?'ன்னு கேட்டுச்சு."

அவன் தாய் கழுவிய மீனை அப்படியே வைத்துவிட்டு வந்து, "அந்தப் புள்ளையோட தகப்பனா நீரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பஸ் வரும்வரை என்னோடு வந்து நின்றாள்.

என் நான்காம் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நாலு மாதமாக உன் கையிலேயே இருந்த பதிலை நீ எனக்குத் தரவில்லை. ஏன் என்று கேட்கமாட்டேன்.

இனி அந்தப் பயணத்தைப் பற்றி என் முடிவு. பருப்பையும் ரயில் பெட்டியையும் தள்ளிவிட்டேன். ஒரு பக்கம் பதினொரு பேர். ஒரு பக்கம் உன் அம்மா. பதினொன்று பெரிதுதானே என்று கண்ணன் சொல்கிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எலியேசர் வீடு வந்து சேர்ந்ததால் நீலாம்பாள் வாசலைப் பார்த்துக் கிடந்தது இல்லையென்று ஆகிவிடாது. அவள் அப்படிக் கிடந்ததால் அவன் வந்தது தப்பென்றும் ஆகாது. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க வழியில்லை. இரண்டும் அப்படி அப்படியே இருக்கும்.

நடந்தது தவறு. அதை நான் கடைசிவரை விடமாட்டேன். செய்தவன் பெயரை மட்டும் திருத்துகிறேன். ஜனவரி பதினான்காம் தேதி அம்பாசமுத்திரம் டாக்டர், "இதயத்துல கோளாறு, இன்னைக்கே திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க" என்றார். பொங்கல் கழியட்டும் என்று நான்தான் சொன்னேன். நீ போன் செய்தபோது அவள் தூங்கவில்லை. கையை நீட்டிப் போனைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. ஜனாதிபதி பேசுவது என் மகள் வாய் வழியாக என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அவள் பேசினால் நீ அழுது, போகாமல் நின்றுவிடுவாயோ என்று பயந்தேன். அவள் அப்போது என்ன சொல்ல நினைத்தாள் என்று எனக்கும் தெரியாது. நாலு மாதமாக அதை உன் தலையில் ஏற்றிவைத்து நான் நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

மன்னிப்பைக் கடிதத்தில் கேட்பதாக இல்லை. இனி ஆக வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

உன் அலுவலகம் என் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது அனுப்பியிருக்கிறேன்; நாலாம் கேள்வியை எடுத்துவிட்டேன். மற்ற நாலுக்கும் அவர்கள் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். நாடு கேட்கிற கேள்வி வேறு, நம் வீட்டு விஷயம் வேறு.

வெளியுறவுத் துறை அந்த மொழிக்கு இன்னும் ஒருவரையாவது சேர்க்க வேண்டும். ஒரே ஆளை நம்பி ஒரு மொழியை வைத்திருக்கக் கூடாது. இதற்குத் தனி மனு எழுதியிருக்கிறேன்.

எலியேசர் அந்த ஏஜெண்ட் மேல் புகார் கொடுக்க வேண்டும். நான் எழுதித் தருகிறேன், அவன் கையெழுத்துப் போட வேண்டும்.

மைதீன் பாத்திமா உன் அறையைத் திறந்து பெருக்கி வைக்க வேண்டும். சொல்லிவிட்டேன்.

நீ ஆடி அமாவாசைக்கு லீவு போட வேண்டும். அன்று ஆற்றில் உன் அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் நீ உன் கையால் விட வேண்டும். பெண்பிள்ளை விடலாமா என்று எவன் கேட்டாலும் அவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கண்ணன் ஆட்டோவை ஸ்டேஷனில் நிறுத்தி, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் பிளாட்பாரத்துக்கு வர வேண்டும். முதலில் பேச வேண்டியதும் நான்.

இப்படிக்கு,
அப்பா