சன்னலோரக் குளவிக்கூடு

கார்த்திகை 9, செவ்வாய்

குளவி கூடு கட்டிய வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது நம்மவர் நம்பிக்கை. மகள் சுமதியின் அறைச் சன்னலில் அது மண் சுமந்து கட்டியபோது, எவரும் தொடலாகாதென்று ஆணையிட்டவள் நான். எகிப்தியர்க்கு வண்டு மறுபிறப்பின் சின்னம் என்று நூலகத்தில் படித்தறிந்ததையும் அவளுக்கு விளக்கினேன்.

ஐந்தாம் மாதக் கரு கலைந்துவிட்டது. இன்று பூந்தமல்லி மருத்துவமனையிலிருந்து அவளை அழைத்து வந்தோம். படுத்தவள் சன்னலைப் பார்த்தாள்.

"அத ஒடச்சுப் போடும்மா. என்னப் பாத்து சிரிக்கிற மாதிரி இருக்கு."

நான் கத்தியை எடுத்தேன். கஞ்சி கொண்டுவந்திருந்த எதிர்வீட்டு நூர்ஜஹான் என் கையைப் பற்றினாள். "வேணாங்க்கா. எங்க குர்ஆன்ல தேனீ பேர்லயே ஒரு அத்தியாயம் கீது. இதுவும் அந்த மாரிதான? உள்ள உசுரு கீதோ இன்னாவோ."

"அது உசுரு மட்டும் பெருசா போச்சா உங்களுக்கு?" என்றாள் சுமதி.

நூர்ஜஹான் கையை விலக்கிக்கொண்டாள்.

நாற்காலியில் ஏறிப் பார்த்தேன். கூட்டில் ஒரு சிறு துளை இருந்தது. கத்தி பட்டதும் மண் உதிர்ந்தது. உள்ளே காய்ந்த தோல் மட்டும் கிடந்தது. குஞ்சுக் குளவி வளர்ந்து வெளியேறிவிட்டிருந்தது.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"வெறும் மண்ணுதான்மா."

இவ்வீட்டில் ஒரு பிறப்பு நிகழ்ந்தேயிருக்கிறது. அதை மட்டும் அவளுக்கு நான் விளக்கப்போவதில்லை.