சுண்ணாம்புப் பொட்டு போன கோலிகள்

என் செல்லப் பிடிவாதக்காரா,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்க மாட்டேன். உன் மேல் அவ்வளவு கோபம். தேனியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க உன் கோலிகள் பரவிக் கிடக்கின்றன. உன் மச்சான் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என்ன சொன்னாய்? "அக்கா, அப்பா குடுத்த கோலிய நீ எடுத்துக்க. சுண்ணாம்புப் பொட்டு வச்சிருக்கேன்." அதோடு முடித்துக்கொண்டாய். எப்படி இருக்கும் என்று இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

உன் காரியத்துக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவினோம். நீ தொட்ட எதையும் விட்டுவைக்கவில்லை. உன் பெண்டாட்டி செல்வி, கோலிகளையும் சீயக்காய் போட்டுத் தேய்த்துச் சொளகில் காயவைத்துவிட்டாள். பொட்டைப் பற்றி நான் கேட்டதும் முகம் செத்துப்போய்விட்டது. "மதினி, அவுக வெத்தல போட்ட கையோட தொட்டிருப்பாகன்னுல நெனச்சேன்!" அவளை என்ன சொல்ல? ஜீப் ஸ்டியரிங்கிலிருந்து தலையணை வரை உன் சுண்ணாம்பு விரல் படாத இடம் உண்டா?

அப்பாவிடமிருந்து நமக்கு மிஞ்சியது அந்த ஒன்றுதான். போட்டோ கூடக் கிடையாது. குமுளியிலிருந்து அவர் கொண்டுவந்த ஒற்றைக் கோலிக்காக முடியைப் பிடித்துச் சண்டை போட்டோம். நீ ஜெயித்தாய். நான் அழுததும், "அழுகாதக்கா, இதே மாதிரி ஒண்ணு ஒனக்குத் தேடித் தாரேன்" என்றாய். அதற்காக, ஜீப் ஓட்டிய காலமெல்லாம் பழைய கடை, பழைய வீடு என்று துழாவி, அதே மாதிரியானவற்றையே வாங்கிக் குவித்தால் நான் எதை என்று கண்டுபிடிப்பேன்? எல்லாவற்றிலும் உள்ளே நீலமும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன.

மதுரையில் கோலி சேர்க்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். கையால் செய்த பழைய கோலியில், கண்ணாடிக் குச்சியிலிருந்து வெட்டிய தழும்பு இருக்கும், நகத்தால் தடவிப் பாருங்கள் என்றார். தடவினேன். மெஷினில் செய்த வழவழப்பானவை விலகின. மீதி? "எல்லாமே அருமையான பழசு மேடம். என்ன வெலைக்குக் குடுப்பீக?" போனை வைத்துவிட்டேன்.

நேற்று எரிச்சலில் ஒன்றைத் தரையில் உருட்டிவிட்டேன். நேராகப் போனது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பாவின் கோலி நேராக ஓடாது, ஒரு பக்கமாக வளையும். அதை வைத்து ஆடி நீ தோற்காத நாள் இல்லை. ஒவ்வொன்றாக உருட்டினேன். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து முழங்கால் போச்சு. ஒன்று வளைந்தது. சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். அடுத்ததும் வளைந்தது.

இரண்டும் அச்சு அசல். அடேய், ஜோடி கிடைத்துவிட்டதா உனக்கு? எப்போது? ஏன் என்னிடம் சொல்லவில்லை? பொங்கலுக்கு நான் வரும்போது கையில் வைத்துக் காட்டலாம் என்றிருந்தாயா?

எது அப்பா கொடுத்தது, எது நீ தேடியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒன்றைச் செல்விக்குக் கொடுக்கப்போகிறேன். "வேணாம் மதினி, ரெண்டும் ஒங்களுக்குத்தேன்" என்று போனில் அழுகிறாள். நான் விடமாட்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் கூடலூரில் உன் வீட்டுக்குப் போய், என்னிடம் இருப்பதை அவளிடம் கொடுத்துவிட்டு, அவளிடம் இருப்பதை வாங்கி வருவேன். ஒரு வருஷம் அப்பா என் வீட்டில் இருப்பார், மறு வருஷம் நீ இருப்பாய். எந்த வருஷம் யார் என்று தெரியாது. அதனால் எல்லா வருஷமும் உன்னைத்தான் திட்டுவேன்.

இன்னும் கோபம் ஆறாத
உன் அக்கா