சேவல்காரரின் கேள்வி

சிபுயான் தீவு
அக்டோபர் 4

அன்புள்ள நெரிசா அக்காவுக்கு,

மழை விட்டு நான்கு நாளாகிறது. எங்கள் சுகாதார நிலையத்தில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிறது. உங்கள் பாடங்களை அங்கே உட்கார்ந்துதான் படிக்கிறேன். தேங்காய் கொண்டுவந்த அப்பா பார்த்துவிட்டு, "நாப்பது வருஷமா மரம் ஏறுறேன். உன்னைப் படிக்க வச்சும் நீ ஏறத்தான செய்யுற, டாக்டரம்மா!" என்று சிரித்தார்.

குடும்ப மருத்துவர்களுக்காக நீங்கள் எழுதி நடத்தும் இணையப் படிப்பில் எலிக்காய்ச்சல் பாடம் மட்டும் பாக்கி. அதை முடித்தால்தான் மருத்துவ உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய புள்ளிகள் எனக்கு நிறையும். உரிமம் இந்த மாதம் 21ஆம் தேதி, என் பிறந்தநாளோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் இந்தக் கரையில் வேறு டாக்டர் இல்லை.

ஆனால் நான்காவது கேள்வியில் நின்றுவிட்டேன்.

'பன்றி வளர்க்கும் ஐம்பது வயதுப் பெண். மூன்று நாளாகக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி. வெள்ளத்தில் நடந்தீர்களா என்று கேட்டால் இல்லை என்கிறார். "ரெண்டு காலையும் கழட்டி வீட்லயே வச்சிட்டு வந்துரலாம்னு பாத்தேன் டாக்டர்" என்கிறார். அடுத்து என்ன செய்வீர்கள்?'

அக்கா, இது டியோனிங் அண்ணன் சொன்ன வார்த்தை. சண்டைச் சேவல் வளர்த்தாரே, அவர். அதைக் கேட்டு நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். வலி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அவர் வெள்ளத்தில் நடக்கவில்லைதான். எலி மூத்திரம் படிந்த சேவல் கொட்டகையைத் தினமும் வெறுங்காலோடு கழுவிக்கொண்டிருந்தார். அதை நான் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் சிறுநீரகம் நின்று, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் படகிலேயே இறந்துபோனார்.

இதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். அன்று போனில் நான் அழுதது நீங்கள் பாடமாக்குவதற்காக இல்லை.

சரியான விடை எனக்குத் தெரியும். விரல்தான் அழுத்த மாட்டேன் என்கிறது.

உங்கள் தங்கை,
ஆர்லின்

*

இலோயிலோ
அக்டோபர் 6

என் செல்ல ஆர்லினுக்கு,

நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

'ஆம்பளைய பொம்பளையாக்கியாச்சு, சேவலப் பன்னியாக்கியாச்சு, இனி யாருக்குத் தெரியப்போகுது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் எழுதினேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. நோயாளி இப்படித்தான் பேசுவார் என்று காட்ட என்னிடம் வேறு வார்த்தை இல்லை.

ஏன் உன்னைக் கேட்கவில்லை? மருத்துவக் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் உன் சோப்பையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனவள் நான். ஒருநாள்கூட நீ வேண்டாம் என்று சொன்னதில்லை. இதற்கும் தலையாட்டியிருப்பாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. அதனால் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். இது அதைவிட மோசம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை 618 டாக்டர்கள் அந்தக் கேள்விக்கு விடையளித்திருக்கிறார்கள். 402 பேர் தேர்ந்தெடுத்தது வலி மாத்திரையும் ஓய்வும். நீ போனில் சொல்லிக்கொண்டு வந்தபோது, முடிவு தெரிவதற்கு முன்னால், நானும் மனசுக்குள் அதைத்தான் எழுதிக்கொடுத்திருந்தேன். அந்தப் பயத்தில்தான் பாடமாக்கினேன்.

நீ ஒரு வார்த்தை எழுது, அன்றே நீக்கிவிடுகிறேன். உன் புள்ளிகளுக்கு வேறு பாடம் இருக்கிறது. திட்டியாவது எழுதுடி.

உன்,
நெரிசா

*

சிபுயான் தீவு
அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது நாள் காக்க வைத்துவிட்டேன். கோபம்தான். இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

402 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். முதல் நாள் அதைப் பார்த்தால் ஆறுதலாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து, அந்த 402 பேரும் கேட்காமல் விடும் கொட்டகைகள் எல்லாம் கண்ணில் தெரிய ஆரம்பித்தன.

ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் டியோனிங் அண்ணனின் மனைவி செலிங் அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணன் போனபிறகு, இந்த இரண்டு வருடத்தில், அந்தத் தெரு வழியாகவே நான் போனதில்லை. என்ன கேட்டேன், எதைக் கேட்காமல் விட்டேன் என்று முழுதும் சொன்னேன். அண்ணி மிச்சமிருக்கும் ஒற்றைச் சேவலுக்குச் சோளம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "செருப்பு போட்டுக்கன்னு நானும் ஒருநாள் சொல்லலியே டாக்டர்" என்றார்.

இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் உங்கள் கேள்வியைப் படித்துக் காட்டினேன். முடிக்க விடவில்லை.

"என்னது, பன்னியா? அதுலயும் பொம்பளையா? அந்த மனுஷன் காதுல விழுந்தா எந்திரிச்சு வந்து சண்டைக்கு நிப்பாரு! அவர் சேவலத் திருப்பிக் குடுக்கச் சொல்லு உன் அக்காகிட்ட."

வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இப்போது சொல்கிறேன். நீக்க வேண்டாம். அண்ணி கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெயர் மட்டும் போடாதீர்கள். அவர் ஆணாகவே, சேவலோடு இருக்கட்டும். 'வெள்ளத்தில் நடந்தீர்களா' என்பதற்குக் கீழே, 'வெறுங்காலோடு எங்கெல்லாம் போனீர்கள்' என்றும் சேருங்கள். நான் இப்போது எல்லோரிடமும் அதைத்தான் கேட்கிறேன்.

நேற்று தொட்டி மேல் ஏறி நான்காவது கேள்விக்கு விடை கொடுத்தேன். புள்ளிகள் நிறைந்தன. உரிமத்துக்கும் விண்ணப்பித்துவிட்டேன்.

மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. என் குடை இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் வாங்கமாட்டேன். 21ஆம் தேதி, என் பிறந்தநாளுக்குள் நீங்களே கொண்டுவந்து கொடுங்கள்.

உங்கள்,
ஆர்லின்