பன்னிரண்டாவது சோடி

11.02.2005, வெள்ளி

இன்று முகாமில் உடுப்புப் பங்கீடு. வெளிநாட்டு மூட்டைகளைப் பிரித்தால் கம்பளிக் கோட்டு, குதி உயர்ந்த சப்பாத்து, பாவித்த உள்ளாடை. பாவித்தது! துவைக்கக்கூட இல்லை. கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு வந்து வரிசையில் நிற்கிற பெண்ணின் கையில் இதை எப்படி வைப்பது? பின்பக்கம் கொண்டுபோய் எரித்தேன். எங்கள் தலைவி புவனமணி அக்கா கண்டுவிட்டார்.

"ஏன் கமலாட்சி எரிக்கிறீர்? தந்த ஆக்கள் படம் கேப்பினம்."

"எதை, இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற படத்தையோ?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஊருக்கு ஊர் இருந்த மாதர் சங்கங்களை ஒன்றாக்கி மாவட்டச் சமாசம் என்று பெயர் வைத்தபோது நானும்தான் கைதட்டினேன். செயலாளர் பொறுப்பையும் விருப்பத்தோடுதான் எடுத்தேன். சுனாமி வந்த கிழமை எங்கள் பெண்கள் அண்டா அண்டாவாகச் சமைத்துப் போட்டதை என்னால் மறக்க முடியாது. அந்தச் சமாசம்தானா இது?

எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் கை நாறுகிற மாதிரியே இருக்கிறது.

18.02.2005

மழை. முகாமுக்குள் கணுக்கால் மட்டும் சேறு. நான் நடத்துகிற தையல் வகுப்புக்கு ஒருத்தரும் வரவில்லை.

05.03.2005, சனி

சமாசக் கூட்டம். முகாமில் பெண்கள் குளிக்கிற கிணற்றுக்கு மறைப்பில்லை. உடுத்த துணியோடு குளித்து, ஈரத்தோடு கூடாரத்துக்கு ஓடுகிறார்கள். பார்க்கவென்றே வருகிறவன் வேலியோரம் பார்த்துக்கொண்டே நிற்கிறான். தென்னோலைக் கிடுகாலாவது அடைத்துக் கொடுப்போம் என்றேன்.

"மறைப்பு நல்லதுதான்," என்றார் புவனமணி அக்கா. "ஆனா மறைப்பைப் படம் எடுத்து என்னத்தைக் காட்டுறது?"

பிறகு தன் திட்டத்தைச் சொன்னார். கூட்டுக் கலியாணம். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களின் சங்கமொன்று பன்னிரண்டு சோடிக்குச் சாறியும் தாலியும் சமையல் சாமானும் தருகிறதாம். "மனுசியை இழந்த ஆம்பிளையளும் இருக்கினம், தாயை இழந்த குமருகளும் இருக்கினம். ரெண்டு பக்கத்தையும் சேர்த்துவிட்டா ரெண்டு பிரச்சினையும் தீருது. இதைவிடப் பெரிய சமூக சேவை என்ன இருக்கு?"

எல்லாரும் கைதட்டினார்கள். தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்திருக்கிற முஸ்லிம் குடும்பங்களின் சங்கத்திலிருந்து ஆசியா உம்மா வந்திருந்தார். அவர் மட்டும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "பிள்ளையளைக் கேட்டியளோ?" என்றார். கேள்வி யாருக்கும் கேட்கவில்லை.

கிணறு? அடுத்த கூட்டத்தில் பார்ப்பமாம்.

19.03.2005, சனி

மணப்பெண் தேடுகிற வேலை என் தலையில். முகாமில் மார்கிறட்டிடம் போகச் சொன்னார்கள். புருசனையும் மகனையும் இழந்தவள், முப்பத்துநான்கு வயது. கூடார வாசலில் இருந்து இறால் கோது உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னதும் சிரித்தாள். சிரிப்பா அது?

"அக்கா, எனக்கு ஆம்பிளை வேண்டாம். ஒரு வலை தரச் சொல்லுங்கோ."

வந்து அப்படியே சொன்னேன். "திமிர்," என்றார் தலைவி. வலை பற்றிப் பேச்சே இல்லை.

02.04.2005, சனி

கள்ளப்பாடு ஊர் மத்தேயுவின் கூடாரம். மனைவியும் இரண்டு சின்னதுகளும் கடலோடு போய்விட்டார்கள். மிஞ்சியது மூத்தவள் டிலுசா மட்டும். பதினாறு வயது. புவனமணி அக்கா எனக்கு முன்னமே வந்து பேசி முடித்திருக்கிறார். மாப்பிள்ளை அளம்பில் பக்கம் சூசைதாசன் என்று ஒருவன். மனைவியை இழந்தவன். நாற்பத்தொரு வயது!

மத்தேயு நிலத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"நான் என்ன செய்ய ரீச்சர்? எனக்கு நித்திரை இல்லை. இரவில கூடாரத் தறப்பாளைத் தூக்கிப் பாக்கிறாங்கள். நான் செத்தா இவள் ஆரின்ர கையில? அந்தத் தலைவி அம்மா, மாப்பிள்ளை நல்ல மனுசன் எண்டு சொன்னா. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

டிலுசா வெளியே பள்ளிக்கூடச் சட்டையைக் கும்பித் தோய்த்துக்கொண்டிருந்தாள். "ரீச்சர், அவருக்கு எத்தினை வயசு?" என்றாள். தெரியாது என்றேன்.

நேரே சமாசக் கந்தோருக்குத் தலைவியைத் தேடிப் போனேன். "அக்கா, அவளுக்குப் பதினாறு. பதினெட்டு ஆகாமல் கலியாணம் பதிய ஏலாது."

"பதிவைப் பிறகு பாப்பம். பிறப்புச் சான்றிதழ் கடலோட போச்சுதெல்லோ. வயசு இப்ப எங்கட வாயிலதான்."

சனத்தைக் கொண்டுபோன கடலைக்கூட இந்த மனுசி விடேல்லை. அதையும் தன்ர வேலைக்கு எடுத்துப்போட்டுது.

03.04.2005

பாதிரியாரிடம் போய்ச் சொன்னேன். தான் கோயிலில் கலியாண ஓலை வாசிக்க மாட்டேன், ஆசீர்வதிக்கவும் வரமாட்டேன் என்றார். நல்லது. தலைவியிடம் சொன்னால், "மேடையில மாலை மாத்தினாக் காணும்," என்கிறார்.

30.04.2005, சனி

சாறிச் சட்டைகள் எல்லாம் என் வகுப்பில்தான் தைக்க வேண்டும். இன்று டிலுசாவுக்கு அளவெடுத்தேன். எலும்பும் தோலும். தோள் என் ஒரு சாணுக்குள் அடங்கிவிட்டது.

"பெரிசாத் தையுங்கோ ரீச்சர். வளர வளரப் போடலாம்தானே."

கலியாணச் சட்டைக்கு வளர்த்தி விட்டு வெட்டுவது எனக்கு இதுதான் முதல் தரம். துணியை வெட்ட முடியவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஏன் தைக்கிறேன்? நான் தைக்காவிட்டால் வேறொருத்தி தைப்பாள். இப்படித்தான் நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொள்கிறோம்.

20.05.2005, வெள்ளி

ஒத்திகை. பந்தல் போட்டாகிவிட்டது. சோடி சோடியாக மேடையேற்றி, அடுப்பையும் பானையையும் எப்படிப் பிடித்துக்கொண்டு கமெராவைப் பார்க்க வேண்டும் என்று பழக்கினார்கள். அவற்றில் ஒட்டியிருக்கிற வெளிநாட்டுச் சங்கத்தின் பெயர் வெளியே தெரிய வேண்டுமாம்.

சூசைதாசனை இன்றுதான் கண்டேன். இவ்வளவு நாளும் என் மனதில் அவனுக்கு ஒரு முகம் கொடுத்து வைத்திருந்தேன். தடித்த உதடு, மினுங்கும் கண். வந்ததோ காய்ந்த மெலிந்த மனிதன், சேட்டுக் கொலரில் ஒட்டுப்போட்டிருந்தது. மாலையைக் கழுத்தில் போட்டதும், "ஆர் பொம்பிளை?" என்று கேட்டார். டிலுசாவைக் காட்டினார்கள். தலைவியிடம் திரும்பினார்.

"இது பள்ளிக்கூடப் பிள்ளையெல்லோ அம்மா? பொம்பிளைக்கு இருபத்தஞ்சு வயசு, புருசனை இழந்த பிள்ளை எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்?"

"வயசில என்ன இருக்குத் தம்பி. நில்லும், படம் எடுத்து முடியட்டும்."

"என்ர மூத்தவள் இருந்தா இந்த உயரம்தான் இருப்பாள்," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. மாலையைக் கழற்றி மைக் கம்பியில் கொழுவிவிட்டு இறங்கி நடந்தார். சைக்கிளை எடுக்கும்போது இரண்டு தரம் விழுத்தினார்.

முந்தி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். அவன் இவன் என்று எழுதியிருக்கிறேன். அந்த மனிதரை இனி அப்படி எழுத மாட்டேன்.

21.05.2005, சனி

முடிந்தது என்று நினைத்தேன். என்ன மடைச்சி நான்!

காலையில் கந்தோருக்குப் போக, "வேற ஆளைப் பிடிச்சாச்சு," என்கிறார் தலைவி. யாரை? பந்தல் போட வந்தவனை! அவனுடைய அடி தாங்காமல் மனைவி தாய் வீட்டுக்கு ஓடினது புதுக்குடியிருப்பு முழுக்கத் தெரியும்.

"அக்கா, உங்களுக்கு விசரோ?"

"பன்னிரண்டு சோடி எண்டு அறிவிச்சாச்சு. ஒண்டு குறைஞ்சா வெளிநாட்டிலயிருந்து வாறவைக்கு என்ன சொல்லுறது? கலியாணம் கட்டாத உமக்கு உது விளங்காது."

ஓம். விளங்கேல்லைத்தான். மனுசருக்கு விளங்கிற விசயமோ இது? பந்தலுக்குத் தடி குறைஞ்சா இன்னொரு தடி நடுற மாதிரி.

மார்கிறட்டிடம் போனேன். இப்போது முள்ளியவளையில் உறவுக்காரர் கொடுத்த துண்டுக் காணியில் கொட்டில் போட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுக் கையைச் சீலையில் துடைத்தாள். "வாங்கோ," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. இரண்டு பேருமாக மத்தேயுவிடம் போனோம்.

ஆள் மாறினதை மத்தேயுவுக்கு ஒருத்தரும் சொல்லவே இல்லை! பந்தல்காரன் யார் என்பதை நான்தான் சொன்னேன்.

"அப்ப இவளை எங்க விடுறது ரீச்சர்?"

"என்ர கொட்டிலில என்னோட படுப்பாள்," என்றாள் மார்கிறட். "வாசல்ல நான் படுப்பன். என்னைத் தாண்டி வரட்டும் பாப்பம்."

டிலுசா புத்தகங்களை ஒரு சீமெந்துப் பையில் போட்டுக் கட்டினாள். வேறு எடுக்க அவளிடம் என்ன இருந்தது? இப்போது முள்ளியவளையில் இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு என்ன நடக்குமோ.

22.05.2005, ஞாயிறு

இன்றுதான் கலியாணம். பொம்பிளை ஏற்ற வான் வண்டி முகாமுக்கு வந்தது. தலைவி, வெளிநாட்டிலிருந்து வந்த அந்தச் சங்கத்து அம்மா, வீடியோக்காரன். நானும் அங்கே நின்றேன். மத்தேயு கூடாரத்துக்கு முன்னால் வந்து நின்றார். ஐந்து மாதமாக நிலத்தைப் பார்த்தே கதைத்த மனிதர், நிமிர்ந்து, முகாம் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"என்ர பிள்ளைக்குப் பதினாறு வயசு! பதினாறு! ஆரிட்ட வேணுமெண்டாலும் சொல்லுங்கோ!"

கூடாரங்களுக்குள்ளிருந்து சனம் வந்து சுற்றி நின்றது. வந்த அம்மா, "என்னவாம்?" என்று கேட்டார்.

"சுனாமியில புத்தி பேதலிச்ச மனுசன், பாவம்," என்றார் புவனமணி அக்கா. கண்ணில் ஒரு துளி தண்ணீரோடு!

துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பினேன். அவர் காலடியில்தான். நாற்பத்துநாலு வயதில் சனத்துக்கு நடுவில் துப்பினேன்.

பதினொரு சோடி மாலை மாற்றினார்களாம். அதிலே செம்மலைப் பக்கத்து ஒரு சோடி, இரண்டு பேரும் நாற்பது தாண்டியவர்கள், தாங்களாகவே விரும்பி வந்தவர்கள். அவர்களை நான் வெறுக்கவில்லை. நன்றாக இருக்கட்டும். ஆனால் மற்றப் பெட்டைகள்? அவர்களுக்கு நான் என்ன செய்தேன்?

29.05.2005, ஞாயிறு

சமாசத்திலிருந்து என்னை நீக்கியாயிற்று. பிள்ளை கடத்தினவள் என்று பெயர். தையல் வகுப்புக் கட்டடத்துக்கு வேறு பூட்டு. என் சொந்த மெசினும் உள்ளேதான். சந்தையில் இரண்டு பேர் என்னைக் கண்டு மற்றப் பக்கம் போனார்கள்.

போகட்டும்.

16.07.2005, சனி

கிடுகு சேர்த்து முகாம் கிணற்றை அடைத்துவிட்டோம். ஆசியா உம்மாவின் சங்கமும் இன்னும் மூன்று ஊர்ச் சங்கங்களும் வந்தன. சமாசத்துக்கு இனிப் போகமாட்டார்களாம்.

தடி நட யார் வந்தது தெரியுமா? சூசைதாசன். கேட்காமலே வந்தார். வேலை முடிந்து அவரும் மத்தேயுவும் ஒரு பக்கமாகக் குந்தியிருந்து நெடுநேரம் கதைத்தார்கள். திங்கட்கிழமை இரண்டு பேருமாக நந்திக்கடலில் வலை போடப் போகிறார்களாம்.

10.09.2005, சனி

கூட்டுக் கலியாண வீடியோ வந்திருக்கிறது. தெரிந்த வீட்டில் போட்டார்கள். புவனமணி அக்காவுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். முகாமில் எடுத்ததையும் வெட்டவில்லை. மத்தேயு கத்துகிற இடத்தில் மேளச் சத்தம் போட்டிருக்கிறார்கள். வாய் மட்டும் அசைகிறது. பார்ப்பவர்கள் அந்தத் தகப்பன் ஏதோ வாழ்த்துச் சொல்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

எழும்பி வந்துவிட்டேன். அருவருப்பு என்ற சொல் இதற்குப் போதாது.

11.12.2005, ஞாயிறு

நாலு சங்கங்களும் சேர்ந்து இன்று மார்கிறட்டின் கொட்டிலில் முதல் கூட்டம். என்ன பெயர் வைப்பது என்பதில் ஒரு சண்டை, தலைவி யார் என்பதில் இன்னொரு சண்டை. என்னை இருக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். ஆசியா உம்மா எழும்பி, "அப்ப நான் ஒண்டு சொல்லுறன், எல்லாரும் கேளுங்கோ," என்று உரத்த குரலில் தொடங்கினார். அவர் சொல்லி முடிக்கமுன் எல்லாரும் ஒரே நேரத்தில் மறுத்துக் கத்தினோம்.

உள்ளேயிருந்து டிலுசா வந்தாள். கையில் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம், முகத்தில் கோபம்.

"நாளைக்கு எனக்கு ஓ.எல். சோதினை. கொஞ்சம் மெதுவாக் கதைப்பியளோ?"

ஆசியா உம்மா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தனை பெண்களும் ஒரு சத்தம் இல்லாமல் எழும்பி, பாயைச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த காணிக்குப் போனோம். அங்கேயும் குசுகுசுப்புத்தான். தலைவி தெரிவு நடக்கவில்லை. சோதினை முடியட்டும் என்று வைத்துவிட்டோம்.