கொக்கியில் தொங்கிய துணி

ஹாலிஃபாக்ஸ், மே 1792

என் தபிதாவுக்கு,

நான் சுகம். இருமல்கூட விட்டுவிட்டது. நீயும் பிள்ளையும் நலமென்று உன் கடிதத்தில் கண்டேன். பக்கத்துப் பண்ணை ஜேபஸின் பெயர் அதில் ஆறு தடவை வருகிறது. என் பெயர் ஒரே தடவைதான், அதுவும் மேல்விலாசத்தில்.

நேற்று வேலையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, கவலைப்படாதே. அலசிய கம்பளித் துணி சுருங்காமல் காய, அதை வெளியே மரச்சட்டத்தில் மேலும் கீழும் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் கட்டுவோம். ஜேபஸ் நம் கூரை ஓடுகளை மாற்றிக் கொடுத்தான் என்று நீ எழுதியதையே நினைத்தபடி இழுத்துக்கொண்டிருந்தேன். துணி நடுவில் கிழிந்துவிட்டது.

மேஸ்திரி ஓல்ட்ராய்டு வந்து பார்த்தார். "ஏம்ப்பா ஈனாக், துணி உன்னை என்ன பண்ணுச்சு?"

"ஊர்லேர்ந்து கடுதாசி வந்துச்சுங்க."

"அப்ப துணி மட்டும் கொக்கியில தொங்கல. நீயும்தான் தொங்குறே."

என்ன ஆகுமோ என்று தவிக்கிறவனைக் கொக்கியில் தொங்குகிறான் என்று நம் பக்கத்திலும் சொல்வார்கள். இந்தச் சட்டத்திலிருந்து வந்த பேச்சுதான் அது. நானும் எத்தனையோ பேரைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

காலுறை இரண்டு ஜோடி அனுப்பு, நீயே பின்னியதாக இருக்கட்டும். என் பழைய கோட்டை யாருக்கும் இரவல் கொடுக்காதே. கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரன் அவசரப்படுத்துகிறான், முடிக்கிறேன். மழை பெய்தால் கூரை ஒழுகுகிறதா என்று எழுது. ஒழுகுகிறது என்று எழுதினால் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் கணவன்,
ஈனாக்