‘ஆஃப்’ என்கிற சின்னச் சொல்

நேற்று மாலை மகள் நேர்காணலுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆங்கில வினைச்சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு அதன் பொருளையே மாற்றிவிடும் குட்டிச் சொற்களின் பட்டியல் அது. “புட் ஆஃப்னா தள்ளிப்போடறது, கால் ஆஃப்னா வேணாம்னு விட்டுடறது” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், “அப்பா, ஸ்டெப் ஆஃப்னா?” என்று கேட்டாள். எண்ணூரிலிருந்து பேருந்தில் நின்றபடியே வந்திருந்தேன். அப்புறம் சொல்கிறேன் என்று படுத்துவிட்டேன். அந்தச் சொல் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. நண்பா, நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அவளிடம் சொல்லாததை உனக்கே எழுதுகிறேன்.

காலடிப்பேட்டையில் நாம் ஒன்றாகப் படித்தவர்கள். நீ பத்தாவதோடு நின்று வெல்டிங் வேலைக்குப் போனாய். நான் தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கி, உன்னை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டரின் ஆபீசிலேயே கிளார்க்காகச் சேர்ந்தேன். டீ நேரத்தில் என் மேசை ஓரத்தில் ஏறி உட்கார்ந்து, இருக்கிற காகிதத்தையெல்லாம் புரட்டிப் பார்த்து இது இன்னா, அது இன்னா என்று கேட்பாய். ஆங்கிலம் உனக்குப் பயமாக இருந்ததில்லை, வேடிக்கையாகத்தான் இருந்தது. “நம்ம ஏரியால இங்கிலீசு தெரியாதவன் யாரு மாமு? லாக்கப்பு, செட்டப்பு, கெட்டப்பு, பிக்கப்பு. எல்லாத்துக்கும் ஒரு அப்பு போட்டா முடிஞ்சிச்சு” என்பாய். உன் அப்பாவை ஆலையில் வேலை இல்லை என்று லே-ஆஃப் செய்திருந்தார்கள். அதனால், “அப்பு நல்லவன். இந்த ஆஃப்புதான் பேஜாரு புடிச்சவன்” என்றும் சொல்வாய்.

மழை விட்ட ஒரு காலையில் நீ விழுந்தாய். நிலக்கரி போகும் கன்வேயரை ஒட்டிய சாரத்தில் நின்று வெல்டிங் செய்துகொண்டிருந்தபோது கட்டு அவிழ்ந்து பலகை கழன்றது. உன் இடுப்பெலும்பு உடைந்தது. கட்டைச் சரிபார்க்க வேண்டிய சூப்பர்வைசர் அன்று சரிபார்க்கவில்லை.

விபத்து அறிக்கையை நான்தான் எழுதினேன். ‘பிளாங்க் கேம் ஆஃப்’, அதாவது பலகை கழன்றுவிட்டது என்று எழுதியிருந்தேன். சூப்பர்வைசர் அதை அடித்துவிட்டு, ‘ஹீ ஸ்டெப்ட் ஆஃப் த பிளாங்க்’ என்று மேலே எழுதினார். அவனே பலகையை விட்டுக் காலை வெளியே வைத்தான் என்று ஆகிவிட்டது.

“சார், இது வேற அர்த்தம்.”

“ரெண்டுலயும் ஆஃப் இருக்குதுல்ல? டைப் பண்ணி அவன்கிட்ட கையெழுத்து வாங்கினு வா. இல்லேன்னா நாளைக்கு நீ வர வேணாம்.”

மகள் அப்போது கைக்குழந்தை. டைப் அடித்தேன்.

ஆஸ்பத்திரியில் நீ அசைய முடியாமல் படுத்திருந்தாய். “இன்னா மாமு எழுதிகீது? படி.”

“பலகையிலேர்ந்து நீ கீழ வந்துட்டேன்னு எழுதிகீது.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

பேனாவை உன் விரல்களுக்கு இடையில் வைத்தவன் நான்.

தப்பு உன்னுடையது என்று முடிவானது. நஷ்டஈடு இல்லை. காலை இழுத்து நடக்கிறவனுக்கு வெல்டிங் வேலையும் இல்லை. உன் மனைவி காசிமேட்டுக்கு இறால் உரிக்கப் போனாள். எட்டு மாதம் கழித்து யூனியன்காரர் ஒருவர் அந்தத் தாளை உனக்குப் படித்துக் காட்டினார். அதை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

“ஸ்டெப் ஆஃப்னா இன்னா?” என்றாய். அன்று மாமு என்று சொல்லவில்லை.

“தானா காலை வெளிய வெக்கறது” என்றேன்.

என் மனைவி கொண்டுவந்த டீயை நீ தள்ளி வைத்தாய். பிறகு சொன்னாய்: “நெசத்தச் சொல்லி, நீ கையெழுத்து போடலேன்னா என் வேல போயிடும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, நான் போட்டிருப்பேன். உன் கொழந்தைக்கோசரம் போட்டிருப்பேன். ஆனா அது நானாப் போட்ட கையெழுத்தா இருந்திருக்கும்.”

மறுநாளே, நடந்ததையெல்லாம் எழுதி யூனியனில் கொடுத்தேன். அந்த வாரமே எனக்கு வேலை போயிற்று. யூனியன் போட்ட வழக்கு தள்ளித் தள்ளிப் போனது. ஒவ்வொரு தடவையும் நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டு மாடிப்படிகளில் ஏறினாய். ஐந்தாவது வருடம் உன் பக்கம் தீர்ப்பானது. ஜெயித்துவிட்டோம் என்று உன் தோளைத் தொட்டேன். “அசதியா கீது. வூட்டுக்குப் போலாம்” என்றாய்.

அதற்குப் பிறகும் நீ என்னோடு பேசினாய், என் வீட்டில் சாப்பிட்டாய். ஆனால் எந்தக் காகிதத்தையும் என்னிடம் நீட்டவில்லை. ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தாண்டி, ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் போவாய். நான் அதைப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தது உனக்கும் தெரியும்.

கடைசியில் நுரையீரல் உன்னைப் படுக்க வைத்தது. வென்டிலேட்டர் வைக்க ஒப்புதல் கேட்டு நர்ஸ் ஒரு படிவத்தைக் கொடுத்தார். கட்டிலருகில் நான் நின்றிருந்தும், நீ அதை நர்ஸிடமே திருப்பி நீட்டி, படிக்கச் சொன்னாய். அவர் அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டார். ‘டேக்கன் ஆஃப்’ என்று வந்த வரி. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து நானும் படித்துக்கொண்டிருந்தேன்.

“சிஸ்டர் ஒரு வரிய வுட்டுட்டாங்க” என்றேன். “மெஷின வெச்சப்புறம் எடுக்க முடியாமலே போனாலும் போவலாம்னு அதுல போட்டுகீது.”

உன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நீ மூச்சுக்குத் திணறிக்கொண்டே என்னைப் பார்த்தாய். கண்ணில் பயம் ஏறியதைப் பார்த்தேன். பிறகு கையை நீட்டி, “எங்க போடணும் மாமு, காட்டு” என்றாய்.

காட்டினேன். பேனாவை நீயே பிடித்தாய். நாலாம் நாள் போய்விட்டாய்.

அந்த வரியை நான் சொல்லாமல் இருந்திருந்தால் நீ பயமில்லாமல் போயிருப்பாய் என்று சில நாள் தோன்றுகிறது. ஆனாலும் சொன்னதற்காக வருத்தப்பட முடியவில்லை. உனக்குக் கடைசியாக நான் கொடுத்தது அந்தப் பயம்தான். அதையும் சேர்த்துத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.