அண்ணிக்குக் குடுத்த நகச்சொத்தை மாத்திரை

அண்ணி, அந்த மாத்திரையை இனிமே தொடவே தொடாதீங்க! உங்க கால் நகமும் என்னுது மாதிரியே சொத்தையாயிடுச்சேன்னுதான் டாக்டர் எனக்கு எழுதினதைக் குடுத்தேன். நீங்க முழுகாம இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்? மூணு மாசம் ஆகாம யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அம்மா மறைச்சுட்டாங்க. இன்னிக்கு ராத்திரிதான் சொன்னாங்க. உடனே டப்பாக்குள்ள இருந்த பேப்பரைப் படிச்சேன். கர்ப்பமா இருக்கறவங்க சாப்பிடவே கூடாதாம். உங்களை எழுப்பிச் சொல்ல தைரியம் வரலை.

விடியறதுக்குள்ள டியூஷனுக்குக் கிளம்பிடுவேன். அண்ணனைக் கூட்டிக்கிட்டு சேலையூர் டாக்டர்கிட்ட போங்க, மாத்திரை அட்டையையும் காட்டுங்க. திட்டினா என் பேரைச் சொல்லிடுங்க.

உங்க மைதிலி

பி.கு.: குமட்டினா இட்லி வேண்டாம், மோர் கரைச்சு வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு. நேத்துகூட "நீதான்டி என் டாக்டரம்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே முழுங்கினீங்களே அண்ணி, பாப்பாவுக்கு ஏதாவது ஆயிருக்குமா?